பத்து சதவீதத்தில் அடங்காத மைதானம்

முழு அளவுக் கால்பந்து மைதானம் ஒன்றுக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும் என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா பரிந்துரைக்கும் அளவு. பெருக்கிப் பார்த்தால் 7,140 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 176 சென்ட். கோட்டுக்கு வெளியே பந்து எறியவும், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரவும், பார்க்க வருபவர்கள் நிற்கவும் விட வேண்டிய இடத்தைச் சேர்த்தால் இரண்டு ஏக்கரை நெருங்கிவிடும். அந்த 176 சென்டில் மூன்றில் ஒரு பங்கைச் சாலைக்கு விட்டுவிட்டு மிச்சத்தை மனையாகப் பிரித்தால், 1,200 சதுர அடி கொண்ட மனைகள் நாற்பதுக்கு மேல் தேறும். நகரம் விரியும் திசையில் ஒரு மைதானம் இருந்தால் இந்த இரண்டாவது கணக்கை யாராவது ஒருவர் போட்டுப் பார்க்காமல் இருப்பதில்லை. உலகெங்கும் சிறு கால்பந்துக் கழகங்கள் ஊரின் ஓரத்துக்கோ, ஊரை விட்டே வெளியேயோ பெயர்ந்து போவதற்கு ஆட்டத்தின் தோல்வியைவிட இந்தக் கணக்கே அதிகக் காரணமாக இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கை நம் ஊர் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 63 ஆயிரத்துக்குச் சற்றே அதிகமானோர் வாழும் நகராட்சி. பட்டுச் சேலையாலும் அரிசி ஆலைகளாலும் பெயர் பெற்ற இந்த ஊரைச் சுற்றிச் சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் எனத் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் விரிந்து கிடக்கின்றன. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படை வென்ற ஆரணிப் போரும், அதற்கு முன்னும் பின்னும் இருந்த ஜாகீர் எனும் நிலமானிய ஆட்சியும், இன்று அரசு அலுவலகங்கள் இயங்கும் கோட்டையும் இவ்வூரின் பழைய அடையாளங்கள். கோட்டைப் பகுதியில் இன்னும் திறந்த மைதானம் இருக்கிறதென்றால், அந்நிலம் தனியாருடையதாக இல்லாமல் அரசின் கையில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நெசவு ஊருக்குத் திறந்த வெளி ஆடம்பரமன்று. சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதியைப் பாவு என்பார்கள். குறுக்கே போவது ஊடை. ஒரே பாவில் சில சேலைகளை நெய்ய வேண்டியிருப்பதால், அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் முழு நீளத்துக்கும் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து, சிக்கெடுத்து உலர்த்துவது வழக்கம். வெயில் ஏறுவதற்கு முன் இந்த வேலை முடிந்தாக வேண்டும். அதுவரை தெருவில் வண்டி போக முடியாது, போகிறவர்களும் இழையில் கால் படாமல் ஓரமாக ஒதுங்கித்தான் நடப்பார்கள். இருபது மீட்டர்ப் பாவை நான்கு இடங்களில் ஐந்தைந்து மீட்டராக இழுக்க முடியாது. கால்பந்து மைதானமும் அப்படித்தான். அது மொத்தமாக இருந்தால் மைதானம், துண்டாகிவிட்டால் வெறும் காலி இடம். நகரமைப்பு விதிகள் தவறவிடுவது இந்த எளிய உண்மையைத்தான்.

சிறு நகரக் கால்பந்துக் குழுக்களுக்குச் சொந்த மைதானம் இருப்பது அரிது. பள்ளி மைதானம் மாலையில் திறந்திருந்தால் அங்கே ஆடுவார்கள். இல்லையெனில் நீர் வற்றிய ஏரிப் படுகை, ஆற்று மணல், அறுவடை முடிந்த வயல், கோயில் நிலம், புறம்போக்கு என எது கிடைக்கிறதோ அதுவே கிரவுண்டு. புறம்போக்கு என்பது வரி விதிப்புக்கு உட்படாமல் பொதுப் பயன்பாட்டுக்காக வருவாய்த் துறைக் கணக்கில் ஒதுக்கப்பட்ட நிலம். மேய்க்கால், களம், மந்தைவெளி என அதற்குள் பல வகைகள் உண்டு. ஒவ்வொரு கிராமத்துக்கும் உரிய ‘அ’ பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே அந்த வகை எழுதப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகளாக ஒரு தலைமுறையே பந்து உதைத்த நிலமாக இருந்தாலும், பதிவேட்டில் ‘களம்’ என்றோ ஒரு தனியாரின் பட்டாவாகவோ இருந்தால், விளையாட்டுக்கு அங்கே சட்டப்படி இடமில்லை. ஆகவே நிலம் கைமாறும்போது ‘மைதானம் போயிற்று’ என்று ஊர் வருந்துகிறதே தவிர, அரசுக் கோப்பில் எந்த மைதானமும் போவதில்லை. அங்கே அது ஒருபோதும் இருந்ததே இல்லை.

மைதானம் போனால் புதிதாக உருவாகும் மனைப்பிரிவு அதை ஈடுகட்டாதா என்று கேட்கலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதற்கென்றே ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. திறந்தவெளி ஒதுக்கீடு எனப்படும் இவ்விதியின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவு போடுபவர், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடம் தர இயலாத நிலையில் அதற்குரிய வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000 சதுர மீட்டருக்குள் என்றால் எதுவும் தர வேண்டியதில்லை. நல்ல விதிதான், பல ஊர்களில் பூங்கா என்று ஏதாவது இருப்பதற்கு இதுவும் இதற்கு முந்தைய விதிகளுமே காரணம்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து ஏக்கரில் ஒரு மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கர் என்பது 20,234 சதுர மீட்டர். சாலைக்கு மூன்றில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது சுமார் 13,490. அதில் பத்தில் ஒன்று 1,349 சதுர மீட்டர். கால்பந்து விதிகள் அனுமதிக்கும் மிகச் சிறிய ஆடுகளமே 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும், அதாவது 4,050 சதுர மீட்டர் கொண்டது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே கிடைக்கிறது. ஃபிஃபா அளவில் ஒரே ஒரு மைதானம் இந்த 10 சதவீதத்திலிருந்து வர வேண்டுமென்றால், சாலைகள் நீங்கலாகவே பதினேழரை ஏக்கருக்கு மேல் கொண்ட மனைப்பிரிவு ஒன்று வேண்டும். சாலையையும் சேர்த்தால் இருபத்தாறு ஏக்கரைத் தாண்டும். ஆரணி போன்ற ஊரில் அவ்வளவு பெரிய நிலம் ஒரே அனுமதியில் மனையாவது எத்தனை முறை நடக்கும்? ஐந்தாறு ஏக்கராகத்தான் ஊர் வளர்கிறது. ஒவ்வொரு முறையும் சட்டப்படி ஒரு துண்டு கிடைக்கிறது. துண்டுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒதுக்கப்படும் இடம் 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, குறைந்த அளவுப் பக்கம் 10 மீட்டர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதியில் உண்டு. பத்து மீட்டர் என்பது கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிட மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கூடுதல், அவ்வளவே.

இதன் விளைவு ஒன்று யாரும் திட்டமிடாமலேயே நடந்துகொண்டிருக்கிறது. கபடி ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். கைப்பந்துக்கு 18க்கு 9. ஷட்டில் எனப்படும் இறகுப்பந்துக்கு அதைவிடவும் சிறிய இடம் போதும். மனைப்பிரிவுப் பூங்காவில் இவை எல்லாம் அடங்கிவிடும். எந்த ஆட்டம் வளர வேண்டும், எது தேய வேண்டும் என்பதை விளையாட்டுத் துறையைவிட மனைப்பிரிவு விதியே முடிவு செய்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னையின் நெருக்கடியான மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா இடம் பெற்றிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அந்த வெற்றி அவருடைய உழைப்பின் பலன், அதில் ஐயமில்லை. சிறு இடத்தில் ஆடக்கூடிய ஆட்டமாக இருந்ததால் அந்த உழைப்புக்கு இடம் கிடைத்தது என்பதும் உண்மை.

மைதானத்தையும் வீட்டையும் எதிரெதிரே நிறுத்தி வீட்டைக் குற்றவாளியாக்குவது எளிது; நெசவு ஊரில் அப்படிச் சொல்ல முடியாது. குழித்தறிக்குத் தரையில் பள்ளம் வேண்டும். தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால் குடும்பம் பெருகும்போது இருக்கும் இடமும் தொழிலிடமும் சேர்ந்தே நெருங்குகின்றன. மகனுக்குத் தனி வீடும் தனித் தறியும் அமைய வேண்டுமானால் ஊருக்குப் புது மனைகள் தேவை. அந்த மனைக்குப் போகும் மகனே மாலையில் பந்து ஆடுகிறவனாகவும் இருக்கிறான் என்பதுதான் சிக்கல்.

இதே சிக்கலை இங்கிலாந்து நெடுங்காலமாகச் சந்தித்துவருகிறது. தெற்கு லண்டனில் 1893இல் தொடங்கப்பட்ட டல்விச் ஹாம்லெட் என்ற கழகத்தின் கதை இதற்குத் தக்க சான்று. 1948 ஒலிம்பிக்கின் கால்பந்துப் போட்டிக்கும் களம் தந்த அதன் சாம்பியன் ஹில் மைதானம், 2010களில் மெடோ ரெசிடென்ஷியல் என்ற வீட்டுமனை நிறுவனத்தின் பிடிக்குள் வந்தது. நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் அந்நிறுவனத்தின் திட்டத்துக்கும் சதர்க் நகராட்சிக்கும் இடையே இழுபறி நீண்டபோது, 2018 மார்ச்சில் கழகத்துக்கு அளித்திருந்த உரிமம் முடித்துக்கொள்ளப்பட்டது. நூற்றாண்டைக் கடந்த ஒரு கழகம் தன் மைதானத்தின் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றது. கழகத்தின் பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்யும் முயற்சியும் நடந்தது. மற்றொரு கழகத்தின் மைதானத்தைப் பகிர்ந்துகொண்டு ஆடிய அணி, அதே பருவத்தில் மேல் நிலைக்கு உயர்வும் பெற்றது. ஆதரவாளர்களும் நகராட்சியும் நாடாளுமன்ற உறுப்பினரும் கொடுத்த அழுத்தத்தால் அந்த ஆண்டு டிசம்பரில் சொந்த மைதானத்துக்குத் திரும்பியது. பின்னர் 2020இல், புதிய அரங்கமும் 219 வீடுகளும் சேர்ந்த திட்டத்துக்கு நகராட்சி ஒப்புதல் அளித்தது. மைதானமா வீடா என்ற கேள்விக்கு இரண்டும் என்ற விடை கிடைக்க ஆறேழு ஆண்டுகள் ஆயின.

அந்த விடைக்குப் பின்னால் இரண்டு சட்டக் கருவிகள் இருப்பதை நம் ஊர் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. முதலாவது, 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம்: மைதானம், நூலகம், மதுக்கூடம் போன்ற ஓர் இடத்தைச் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று பட்டியலிடும்படி ஊர் மக்கள் நகராட்சியைக் கேட்கலாம், பட்டியலில் ஏறிய இடத்தை உரிமையாளர் விற்க முனைந்தால், மக்கள் பணம் திரட்டி விலை கேட்பதற்கு ஆறு மாத அவகாசம் உண்டு. இரண்டாவது இன்னும் முக்கியமானது. விளையாட்டு மைதானத்தைப் பாதிக்கும் எந்தக் கட்டட விண்ணப்பத்துக்கும் ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற அமைப்பின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது அங்கே சட்டக் கட்டாயம், 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஓர் ஆடுகளமாவது உள்ள இடம் எதுவோ அதுவே மைதானம் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. அதாவது அளவுகோல் சதவீதமன்று, ஆடுகளம். மைதானத்தை எடுக்கிறாயா, அதற்கு ஈடான மைதானத்தைக் கொடு என்று கேட்க இந்த வரையறை இடம் தருகிறது.

மைதானத்தை இழந்த கதைகளும் அங்கே உண்டு. விம்பிள்டன் கழகம் 1991இல் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வேறொரு கழகத்தின் அரங்குக்குப் போனது. 2002இல் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு அணியையே மாற்ற அனுமதி கிடைத்தது. ஆதரவாளர்கள் அந்த ஆண்டே புதிதாக ஒரு கழகத்தைக் கீழ்ப் படியிலிருந்து தொடங்கி, 2020 நவம்பரில் பிளவ் லேனுக்கு, பழைய இடத்துக்கு அருகிலேயே, திரும்பி வந்தார்கள். பழைய மைதானத்தில் அதற்குள் அடுக்குமாடி வீடுகள் எழுந்திருந்தன.

தமிழர் வாழும் சிங்கப்பூரில் நடந்தது வேறு விதம். சிராங்கூன் சாலைத் தமிழர் பகுதியை ஒட்டிய ஃபேரர் பார்க், 1840களில் குதிரைப் பந்தயத் திடலாகத் தொடங்கி, பந்தயம் 1933இல் வேறிடம் போனபின் கால்பந்தும் வளைகோல் பந்தும் ஆடும் பொது மைதானமாயிற்று. 1911இல் அத்தீவின் முதல் விமானம் பறந்ததும், 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையின் பல்லாயிரம் இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும், அவர்களிடையே இந்திய தேசிய ராணுவத்துக்கான முதல் அழைப்பு விடுக்கப்பட்டதும் இங்கேதான். அந்த நிலம் இப்போது அரசு வீடமைப்புக்குப் போகிறது. 2019ஆம் ஆண்டு நகரத் திட்ட வரைவில் இது வெளிப்பட்டபோது பலர் வருந்திக் கருத்துச் சொன்னார்கள். அதன்பின் வந்த திட்டத்தில் சுமார் 1,600 வீடுகளுடன், பழைய குத்துச்சண்டைக் கூடக் கட்டடத்தைக் காப்பதும் நடுவில் ஒரு திறந்த வெளியை விடுவதும் விளையாட்டு வசதிகள் அமைப்பதும் சேர்க்கப்பட்டன. நிலம் முழுவதும் அரசின் கையில் இருந்த இடத்தில்கூட மைதானம் சுருங்கத்தான் செய்தது என்பது சிந்திக்கத் தக்கது.

சென்னையில் மைதானம் பெயர்வதைவிட ஆட்டக்காரர்கள் பெயர்வதே அதிகம். ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், தாம் ஆடி வளர்ந்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். இருக்கும் மைதானமும் எப்போதும் கைக்கெட்டுவதில்லை: 2024 அக்டோபர் இறுதியில் மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

இடம் மாறுவதால் என்ன கெட்டுவிடும், ஊருக்கு வெளியே விரிவான மைதானம் கிடைத்தால் நல்லதுதானே என்ற வாதமும் உண்டு. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 3 கோடி ரூபாயில் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டு நடந்துவருகிறது. வரவேற்கத் தக்க திட்டம். ஆனால் நெசவாளர் வீட்டின் நாள் எப்படிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கூலி நெய்த சேலைக்குத்தான், உட்கார்ந்த மணிக்கு அன்று. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலையாக இருந்தால் கரையின் நாடாவைத் தள்ள ஒரு துணைக்கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையுடையது. தறியை விட்டு எழுந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பக்கூடிய தொலைவில் மைதானம் இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு அது மைதானம். ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால், பைக் இருக்கிறவன் ஆடுவான். பெண் பிள்ளைகள் முதலில் நின்றுவிடுவார்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். கழகம் என்பது பதினோரு பேர் கொண்ட அணி மட்டுமன்று. கோட்டோரம் நின்று பந்தெடுத்துப் போடும் சிறுவர்களிலிருந்து அடுத்த அணி வருவதால்தான் அது கழகமாக நீடிக்கிறது.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் மக்கள் பக்கம் நின்ற நிகழ்வுகள் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பஞ்சாபைச் சேர்ந்த ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் வழங்கிய தீர்ப்பு, கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றித் திரும்ப ஒப்படைக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. எனினும் இவ்விரண்டுமே பொது என்று ஏற்கனவே எழுதி வைக்கப்பட்ட நிலத்தைப் பற்றியவை. எழுதப்படாத மைதானத்துக்கு நீதிமன்றமும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

ஆகவே ஆரணியிலும் அதுபோன்ற ஊர்களிலும் பந்து ஆடுபவர்கள் முதலில் தேட வேண்டியது வழக்கறிஞரையோ நன்கொடையாளரையோ அன்று, தம் மைதானத்தின் சர்வே எண்ணை. தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, நிலம் எந்த வகையில், யார் பெயரில் இருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கழகத்தைப் பதிவு செய்யலாம். பதிவான பிறகுதான் அதன் பெயரில் மனு கொடுக்கவும் குத்தகை கேட்கவும் முடியும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஓர் ஊரின் எந்தப் பகுதி குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எது விளையாட்டுக்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, எவரும் எழுத்து மூலம் ஆட்சேபமும் ஆலோசனையும் தரலாம். அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அரசும் தன் பங்குக்கு, அருகருகே வரும் மனைப்பிரிவுகளின் 10 சதவீதத் துண்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து வாங்கவும், பணமாகக் கட்டப்படும் தொகையை அதே ஊரில் மைதான நிலம் வாங்கவே செலவிடவும் விதியில் வழி செய்ய வேண்டும். அதுவரை காத்திராமல், அடுத்த வரைவு வெளியாகும் இரண்டு மாதத்துக்குள், சர்வே எண்ணையும் பரப்பையும் குறிப்பிட்டு ‘இது விளையாட்டு மைதானம்’ என்று ஒவ்வொரு கழகமும் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.